மாமியின் திரைச்சீலையும் எங்கள் சோடிச் சறுக்கலும்

சோடிச் சறுக்கல் வீரனாக நான் இருந்தது மொத்தம் பதினொரு மாதம். அதில் போட்டி என்று ஒன்றே ஒன்றுதான் நடந்தது. அந்த ஒன்றிலும் பதக்கம் வாங்கிவிட்டதால், கலந்துகொண்ட எல்லாப் போட்டிகளிலும் பதக்கம் வென்றவன் என்று என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் சொல்வதில்லை.

பனியே பார்க்காத ஊர்க்காரனுக்குச் சறுக்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கட்டாரில் இருந்து வந்தது. அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் பனித்தரை போட்டு வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நான் தடித்த மேலங்கி போட்டு நடுங்கிக்கொண்டு நிற்பேன். சப்பாத்து எடுத்துக் கொடுப்பதும் விழுந்த பிள்ளைகளைத் தூக்கி நிமிர்த்துவதும்தான் வேலை. அந்த வேலைக்காகவே விழாமல் சறுக்கப் பழகினேன். கடை திறக்க முன்னர், காலையில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆணும் பெண்ணுமாய் ஒரு சோடி வந்து பயிற்சி எடுக்கும். அவன் அவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சும்மா கடைக்குப் போகிறவன் மாதிரிப் போவான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்து வருடம் பார்த்தேன். ஐந்து வருடம் பார்த்தவனுக்குத் தெரியாத வித்தையா என்ற திமிர்தான் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

ஊருக்கு வந்து கல்யாணம் முடித்தேன். எனக்குக் கல்முனை, அவளுக்கு நிந்தவூர். கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். நானும் ஒரு பெட்டியோடு போனேன். பெட்டிக்குள் இரண்டு சோடி உருளும் சில்லுச் சப்பாத்து இருந்தது. பனிக்கு இரும்புத் தகடு வைத்த சப்பாத்து. நம்முடைய சீமெந்துத் தரைக்குச் சில்லு வைத்ததுதான் சரிவரும் என்று வாங்கி வந்தது. ஒன்று எனக்கு. மற்றது, யாரென்றே தெரியாத என் வருங்கால மனைவிக்கு. அளவும் தெரியாமல்தான் வாங்கினேன். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு காலுறை போட்டால் அவளுக்கு அளவாக இருக்கும் என்பது பிறகு தெரிந்தது.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தவர் மாமி, அதாவது என் மனைவியைப் பெற்ற உம்மா. எங்கள் வழக்கத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை, நேருக்கு நேர் கதைப்பதும் இல்லை. இப்போது பல வீடுகளில் அது விட்டுப்போய்விட்டது. மாமியும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தொலைக்காட்சி நாடகம் பார்க்கிறார்கள். எங்கள் மாமி விடவில்லை. அவர் சமைக்கும் குசினி வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் நான். எட்டிப் பார்க்கும்போது தெரியும் முகத்தின் இடது பாதியைத்தான் நான் அறிவேன். வலது பாதி எப்போதும் திரைக்குள்தான். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமானால், நான் நாலடி தூரத்தில் இருந்தாலும், மகளிடம்தான் சொல்வார்.

"மகள், அவருக்கு மீன் காணுமா எண்டு கேளு."

"காணுமாம் உம்மா."

"காணாது. இன்னொரு துண்டு வை."

இப்படித்தான் எங்கள் இருவருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை முழுவதும் நடக்கும். முடிவு எப்போதும் இன்னொரு துண்டுதான்.

என் மனைவி பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். தோற்கத் தெரியாதவள் என்று மரியாதையாகச் சொல்லலாம். கல்யாணம் முடித்து இரண்டாம் வருடம், அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது அந்தச் சப்பாத்துகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "இத ஓடத் தெரியுமா, இல்லாட்டிச் சும்மா காட்டுறத்துக்கா?" என்று கேட்டாள். கட்டாரில் ஐந்து வருடம் இருந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. அன்று பின்னேரமே மாமாவின், அதாவது அவள் வாப்பாவின், அரிசி ஆலைக்குப் போனோம்.

ஆலைக்குப் பின்னால் அவித்த நெல்லைக் காயப்போடும் சீமெந்துக் களம் இருக்கிறது. நாலு பக்கமும் மதில். நெல் இல்லாத நாளில் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓடலாம் என்று மாமா அனுமதி தந்தார். மாமா அதிகம் கதைக்காதவர். "நெல்லுக்கு மேல ஓடாதீங்க" என்றது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. முதல் வாரம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டாம் வாரம் கையை விட்டாள். ஒரு மாதத்தில் பின்பக்கமாகச் சறுக்கினாள். அதற்கு எனக்கு ஒரு வருடம் எடுத்தது என்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கைபேசியில் ஒரு அறிவித்தலைக் கொண்டுவந்து காட்டினாள். கொழும்பில் சில்லுச் சறுக்கல் போட்டி, அதில் சோடிப் பிரிவும் உண்டு. வயதெல்லை இல்லை. ஒரேயொரு கட்டாய விதி இருந்தது: ஆட்டத்தில் ஒரு தூக்கலாவது இருக்க வேண்டும், சோடியில் ஒருவருடைய இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி மூன்று எண்ணும் வரை நிற்க வேண்டும்.

"இது சின்ன வேல" என்றேன் நான். பிலிப்பைன்ஸ்காரனை ஐந்து வருடம் பார்த்தவன் அல்லவா.

மறுநாள் களத்தில் அவளைத் தூக்கினேன். தூக்கியது மெய். எண்ணத் தொடங்கியதும் மெய். இரண்டு எண்ணும்போது என் முழங்கால் எனக்குச் சொல்லாமல் மடங்கிவிட்டது. அல்லாஹ்வின் உதவியால் பக்கத்தில், மதிலோரம், காய்ந்து அள்ளி வைத்த நெற்குவியல் ஒன்று இருந்தது. அவள் அதற்குள் போய் விழுந்தாள். அடி எதுவும் படவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அவள் முக்காட்டை உதறியபோது குசினி முழுக்க நெல் கொட்டியது. மாமிக்கு அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது.

"மகள், அவருக்கிட்டச் செல்லு. நெல்லுல வுழுந்தபடியா நான் பொறுத்திரிக்கன். கொழும்புல நெல்லுக் குவிச்சி வெச்சிரிக்க மாட்டாங்க. என்ட புள்ள ஒருக்காத் தரையில வுழுந்தா, அந்தச் சப்பாத்து ரெண்டு சோடியும் நெல்லவிக்கிற அடுப்புக்குள்ளதான் போகும்."

"கேட்டிச்சா?" என்றாள் மனைவி. கேட்டது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

சப்பாத்து போனால் போகட்டும் என்று அறைக்குள் வந்து சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு, காலுறையில் ஒட்டிய நெல்லை ஒவ்வொன்றாக எடுத்தபடி சொன்னாள்: "படிக்கிற காலத்துல வலைப்பந்துல மாகாணப் போட்டிக்கி எங்கட அணி தெரிவான. போற அண்டு எனக்குக் கொப்புளிப்பான் வந்திச்சி. பஸ் எங்கட வீட்டுக்கு முன்னாலதான் போன. எல்லாரும் கை காட்டிட்டுப் போறாளுகள், நான் ஜன்னலுக்குள்ளால பாத்துக்கிட்டு நிண்ட. ஒருக்காவாச்சும் நடுவர்மாருக்கு முன்னால போய் நிக்கணும். தோத்தாலும் பறவாயில்ல."

தோற்றாலும் பரவாயில்லை என்று அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அவள் பக்கத்தில் போய் இருந்தேன். "வுட மாட்டன் புள்ள. கீழ போட மாட்டன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் முழங்கால் மடங்கியதற்கான காரணம் மறுநாள் ஆலைத் தராசில் தெரிந்தது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் முதலில் அவள் ஏறினாள், ஐம்பத்திரண்டு. கல்யாணம் முடிக்கும்போதும் அதேதான். நான் ஏறினேன். மாப்பிள்ளையாக வந்தபோது அறுபது கிலோவாக இருந்தவன் எழுபத்தாறு. இரண்டு வருட மீன் துண்டுகள் எல்லாம் கூட்டிக் கணக்குக் காட்டியது போல இருந்தது. என் முழங்கால் தாங்க வேண்டியது ஐம்பத்திரண்டு இல்லை, என்னையும் சேர்த்து நூற்று இருபத்தெட்டு என்று அவள் களத்துச் சுவரில் சோக்கட்டியால் எழுதினாள். "ஆறு கிலோவாச்சும் கொறைங்க" என்றாள்.

குறைப்பதற்கு ஒரே வழி சோற்றைக் குறைப்பது. இங்கேதான் நான் பெரிய பிழை விட்டேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த மருமகன் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைத்தால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான் உண்டு. மருமகனுக்குக் கோபம். அதை நான் மறந்தே போனேன். முதல் நாள் பாதிச் சோறு மிச்சம் வைத்தேன். இரண்டாம் நாள் கோழி வந்தது. அதிலும் பாதி வைத்தேன். மூன்றாம் நாள் இறைச்சியும் இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தன. ஒரு கரண்டி வட்டிலப்பம் மட்டும் தின்றுவிட்டு எழும்பினேன். திரைச்சீலை ஆடாமல் அசையாமல் தொங்கியதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் பின்னேரம் ஒரு முச்சக்கரவண்டி வந்து வாசலில் நின்றது. மாமாவின் மூத்த சகோதரர்கள் இருவரும், ஊரில் பிணக்குத் தீர்க்கப் போகும் பெரியவர் ஒருவரும் இறங்கினார்கள். மூவரும் அத்தர் பூசியிருந்தார்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டு என்னை நடுவில் இருத்தினார்கள்.

"மருமகனுக்கு எங்கட வூட்ல என்ன கொற?" என்றார் பெரியவர்.

"ஒரு கொறையும் இல்ல."

"அப்ப என்னத்துக்குச் சோத்தத் தள்ளி வைக்கிற?"

"பாரம் கொறைக்க."

"நல்லாத்தானே இரிக்கிறீங்க. ஏன் கொறைக்கணும்?"

சில்லுச் சப்பாத்து, விதி, மூன்று எண்ணுவது, இதையெல்லாம் எங்கிருந்து தொடங்கி எப்படிச் சொல்வது. நான் சுருக்கமாகச் சொல்லப் பார்த்தேன்.

"இந்த வூட்டுப் புள்ளையத் தூக்கணும்."

ஒருவர் தாடியைத் தடவினார். ஒருவர் கூரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் ஒரு அகப்பை கீழே விழுந்து உருண்டது. கடைசியில் பெரியவர் தொண்டையைச் செருமிவிட்டு, "அது ஒங்கட குடும்ப விசயம். நாங்க கேட்டது சோத்துப் பிரச்சின" என்றார். கோபம் இல்லை என்று வாயால் சொன்னால் போதாது, எல்லோருக்கும் முன்னால் வைத்துத் தின்று காட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. இரண்டு பீங்கான் சோறு தின்றேன். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பீங்கான் முடிந்ததும் பெரியவர் துஆ ஓதினார். என் உணவுக் கட்டுப்பாடு அத்தோடு மௌத்தானது.

அதற்குப் பிறகு தூக்கலைச் சின்னதாக்கினோம். தலைக்கு மேல் வேண்டாம், இடுப்புயரம் போதும். களத்தில் பத்துத் தடவை தூக்கினால் ஏழு தடவை மூன்று எண்ணினேன். மிச்ச மூன்று தடவையும் அவளே சமாளித்துக் காலை ஊன்றிவிடுவாள். பத்தில் ஏழு பரவாயில்லை என்றேன். அவள் கணித ஆசிரியை. சோக்கட்டியை எடுத்துச் சுவரில் மிச்ச மூன்றை எழுதினாள்.

உடுப்புக்கு மருதமுனையில் கைத்தறித் துணி எடுத்தோம். நீலத்தில் மெல்லிய வெள்ளிக் கரை. அவளுக்கு முழங்காலுக்குக் கீழ் வரும் நீண்ட சட்டையும் காற்சட்டையும், எனக்கு அதே துணியில் சேட். மிஞ்சிய துணியை மாமி எடுத்துக் குசினி வாசலுக்குப் புதுத் திரைச்சீலை தைத்துவிட்டார். போட்டிக்கு முதல் நாள் சேட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் சாப்பிட இருந்தேன். திரையும் நானும் ஒரே நிறம். "மகள், எங்க அவரக் காணல்ல" என்றார் மாமி உள்ளே இருந்து. மாமி பகிடி விடுவார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா ஆலையைப் பூட்டிவிட்டு, வாடகைக்குப் பிடித்த வானில் எங்களோடு வந்தார். மாமி வரவில்லை, ஒரு சோற்றுப் பார்சல் வந்தது. இரண்டு பேருக்கு என்று சொல்லித்தான் தந்தார். திறந்து பார்த்தால் வலைப்பந்து அணி முழுக்கத் தின்னலாம். தொட வேண்டாம் என்று மனைவி சொன்னாள். கட்டித் தந்த சோற்றை எறியவா முடியும். போட்டிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன், அவள் முக்காட்டுக்கு ஊசி குத்தப் போன நேரம் பார்த்து, நானும் மாமாவும் தின்று முடித்தோம்.

சோடிப் பிரிவில் எங்களோடு சேர்த்து மூன்று சோடிகள். மற்ற இரண்டும் கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகள், அண்ணனும் தங்கையுமாக. நாலு பேருடைய வயதையும் கூட்டினாலும் நம் இருவருடைய வயதுக்கு வராது என்று மனைவி கணக்குப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் சுழன்ற சுழலில் எனக்குப் பார்க்கவே தலை சுற்றியது. மாமா கைபேசியில் மாமியை அழைத்து, படம் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மாமிக்கு நாங்கள் தெரிவோம். எங்களுக்குத் திரையில் தெரிந்தது நீலத் துணி மட்டும். கைபேசிக் கமராவுக்கும் மாமி திரை போட்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. ஆட்டத்துக்கு நாங்கள் எடுத்தது எங்கள் கல்யாண ஊர்வலத்தில் பதிந்த, கோலோடு கோல் தட்டி ஆடும் பொல்லடிச் சத்தம். நல்ல தாளம். நடுவில் ஒலிபெருக்கியில் ஒருவர் "வெள்ளை வானைக் கொஞ்சம் ஒதுக்குங்க" என்று சொல்வதை வெட்டி எடுக்க எங்களுக்குத் தெரியவில்லை. கையோடு கை பிடித்து ஓடினோம், பிரிந்தோம், சேர்ந்தோம், பின்பக்கமாகப் போனோம். அவள் முகத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்குள் நின்ற பிள்ளை ஒருவழியாக பஸ்ஸில் ஏறிவிட்ட மாதிரி ஒரு முகம். எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. பதிவில் அந்த வெள்ளை வான் அறிவிப்பு வந்தது. சனம் வாசலைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு அடுத்த தாளத்தில்தான் தூக்கல்.

பிஸ்மி சொல்லிக் குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான். இடுப்புக்கு மேலே யாரோ பூட்டுப் போட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு போனது போல முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. சில்லு நிற்கவில்லை. காணாமற்போன காசைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்தபடியே நான் நடுவர்களின் மேசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அடுப்பு நினைவுக்கு வந்தது. பஸ்ஸும் நினைவுக்கு வந்தது. தூக்கல் இல்லாவிட்டால் ஆட்டமே கணக்கில் இல்லை. அவளைக் கீழே போட மாட்டேன் என்று சொன்னவன், தூக்காமலே போட்டுவிட்டேனே என்று கண் கலங்கியது.

அப்போது ஒரு நீலச் சட்டை என்னைச் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தது. "கழுத்தப் புடிங்க" என்றாள். பிடித்தேன். அவள் என் இரண்டு தொடைகளுக்கும் கீழே கை கொடுத்து ஒரு உன்னு உன்னினாள். நான் தரையை விட்டு எழும்பினேன். எழுபத்தாறு கிலோவும் மாமியின் பார்சலும் சேர்த்து அவள் உப்பு மூட்டை சுமந்தாள். நடுவர்களின் மேசைக்கு ஒரு முழம் முன்னால் திரும்பி, பொல்லடித் தாளத்துக்கு அரை வட்டம் ஓடினாள்.

"எண்ணுங்க" என்றாள் மூச்சு வாங்க.

"ஒண்டு" என்றேன். "ரெண்டு." வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் முதுகில் கன்னத்தை வைத்தபடி, இறங்கவே கூடாது என்றும் இருந்தது. "மூணு" என்றேன். அவள் ஐந்து எண்ணும் வரை ஓடினாள்.

நடுவர்கள் மூவரும் விதித்தாளை எடுத்து வாசித்தார்கள். சோடியில் ஒருவருடைய கால் எழும்ப வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது; எவருடைய கால் என்று எழுதவில்லை. கொஞ்ச நேரம் தலையோடு தலை வைத்துக் கதைத்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாம் இடம். மூன்றில் மூன்றாம் இடம்தான், ஆனால் மேடை இருந்தது, பதக்கம் இருந்தது. நான் குனிந்தே நின்றபடியால் கழுத்தில் போடுவதற்கு அவர்களுக்கு வசதியாக இருந்தது. என் மனைவி மேடையில் நிமிர்ந்து நின்று நடுவர்களைப் பார்த்தாள், கண்ணை எடுக்காமல்.

மாமா கைபேசியைப் பார்த்தார். நீலத் துணி ஆடியது. பிறகு தொடர்பு அறுந்துபோனது.

நிந்தவூர் வரைக்கும் வானின் பின்சீட்டில் படுத்தே வந்தேன். மாமி என்ன சொல்வார் என்ற பயம் வேறு. மகள் விழவில்லை, ஆனால் மருமகன் மகளின் முதுகில் ஏறிக் கொழும்பைச் சுற்றியிருக்கிறான். இதற்கு எந்த அடுப்பு என்று யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்திவிட்டு மனைவி முகம் கழுவப் போனாள். உடுப்பும் மாற்றவில்லை. திரைக்கு முன்னால் அதே துணியில் நான் குனிந்து இருந்தேன். திரை விலகியது. பீங்கான் வரும் என்று பார்த்தேன். பீங்கானோடு மாமியும் வந்தார். முழுதாக வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"மகன்" என்றார்.

நான் எழும்பப் பார்த்தேன். முதுகு விடவில்லை.

"இனிக் கொஞ்சமாத்தான் சோறு போடுவன். என்ட புள்ளதானே சுமக்கிற."

மூன்று வருடத்தில் மாமி என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னபடியே செய்தார். பீங்கானில் இரண்டு கரண்டிச் சோறு, ஒரு துண்டு மீன். வழியெல்லாம் வலியில் ஒன்றும் தின்னாமல் வந்தவன் நான். நாலு வாயில் பீங்கான் துலங்கிவிட்டது. மாமி போகவில்லை, அங்கேயே நின்றார். கேட்பதற்கு இடையில் ஒரு மகளும் இல்லை, திரையும் இல்லை. நானேதான் கேட்க வேண்டும்.

"மாமி" என்றேன். "இன்னும் கொஞ்சம் போடுங்க."

மாமி சிரித்தார். வலது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. என் மனைவிக்கு விழும் அதே இடத்தில்தான் விழுந்தது.